தரையிலிருந்து பீறிடும் தண்ணீர்: நாள் கணக்கில் உட்கார்ந்து நேரம் குறிப்பது எதற்கு? கரையாம்புத்தூருக்கு அதில் என்ன பாடம்?

ராஜஸ்தான் மாநிலம் ஜெய்சல்மேர் மாவட்டம், மோகன்கர். 2024 டிசம்பர் 28. விவசாய நிலம் ஒன்றில் போர்வெல் போட்டுக்கொண்டிருந்தார்கள். சுமார் 850 அடி ஆழம் போனபோது, உள்ளிருந்து தண்ணீரும் வாயுவும் பீறிட்டு அடித்தன. துளை போட்ட இயந்திரமும் அது நின்ற லாரியும் அப்படியே பள்ளத்துக்குள் புதைந்தன. ஏறக்குறைய இரண்டு நாள் நிற்காமல் கொட்டிய தண்ணீர், பிறகு தானாகவே நின்றுபோனது.

அந்த வீடியோ சுற்றாத வாட்ஸ்அப் குழு இல்லை. "சரஸ்வதி நதி திரும்பி வந்துவிட்டது" என்று ஒரு தரப்பு கிளம்பியது. பாறை அடுக்குகளுக்கு நடுவே அழுத்தத்தில் சிக்கியிருந்த தண்ணீர்தான் வெளியே வந்தது என்று நிலத்தடி நீர் வல்லுநர்கள் விளக்கம் சொன்னார்கள்.

வீடியோவில் தண்ணீர் எவ்வளவு உயரம் அடித்தது என்று தெரியும். கீழே என்ன இருக்கிறது என்று தெரியாது. அதைத் தெரிந்துகொள்ள ரொம்பப் பழைய வழி ஒன்று உண்டு. பக்கத்திலேயே உட்கார்ந்து, எப்போது பீறிட்டது, எத்தனை நிமிடம் நீடித்தது, அடுத்தது எப்போது என்று எழுதிக்கொண்டே இருப்பது. இதற்காகவே லீவு போட்டுவிட்டு நாள் கணக்கில் காத்திருக்கும் ஒரு கூட்டம் அமெரிக்காவில் இருக்கிறது.

அவர்கள் எதைப் பார்க்கிறார்கள்? அதில் என்ன தெரிகிறது? புதுச்சேரி பாகூர் கொம்யூனில் உள்ள கரையாம்புத்தூர் விவசாயிக்கு அது எப்படி உதவும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

கீசர் என்றால் பாத்ரூமில் இருப்பதா?

பெயர் ஒன்றுதான், ஆனால் இது வேறு. ஐஸ்லாந்து நாட்டில் 'கெய்சிர்' என்ற இடத்தில் கொதிக்கும் தண்ணீர் பூமிக்குள்ளிருந்து அவ்வப்போது பீறிட்டு அடிக்கும். அந்தப் பெயர்தான் ஆங்கிலத்துக்குப் போய், கடைசியில் நம் வீட்டு வெந்நீர் இயந்திரத்துக்கும் ஒட்டிக்கொண்டது.

இந்தியாவிலும் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. இமாச்சலின் மணிகரண், லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு எல்லாம் பிரபலம். ஆனால் வெந்நீர் ஊற்றில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். கீசர் அப்படி இல்லை. அடிக்கும், அடங்கும், மறுபடி அடிக்கும்.

காரணம் புரிய வேண்டுமென்றால் பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். மூடிய பாத்திரத்தில் அழுத்தம் கூடினால், தண்ணீர் 100 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். பூமிக்குள் இருக்கும் குறுகலான குழாய் போன்ற வழியில், மேலே நிற்கும் தண்ணீரின் எடைதான் குக்கர் மூடி. கீழே இருக்கும் தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடாகி, கொஞ்சம் மேலே தள்ளியதும் அழுத்தம் சட்டென்று குறைகிறது. அந்தக் கணமே தண்ணீர் நீராவியாகி மொத்தத்தையும் வெளியே வீசுகிறது. உள்ளே காலியானதும் அடங்கிவிடும். மறுபடி நிரம்பிச் சூடாக நேரம் ஆகும். அந்த நேரம்தான் இரண்டு பீறிடலுக்கு நடுவிலுள்ள இடைவெளி.

காத்திருப்பவர்கள் கண்டது என்ன?

அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்கா 1872-ல் உருவானது. அங்கே 500-க்கும் மேற்பட்ட கீசர்கள் இருக்கின்றன. உலகில் உள்ள கீசர்களில் ஏறக்குறைய பாதி அங்கேதான். அதில் ரொம்பப் புகழ்பெற்றது 'ஓல்ட் ஃபெய்த்ஃபுல்'.

இந்தக் கீசர் மணி அடித்தது போல ஒரே இடைவெளியில் பீறிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. நேரம் குறித்து வைத்தவர்கள் பார்த்தது வேறு. ஒரு முறை பீறிடல் இரண்டரை நிமிடத்துக்குள் முடிந்துவிட்டால், அடுத்தது சுமார் 65 நிமிடத்தில் வந்துவிடும். இரண்டரை நிமிடத்தைத் தாண்டினால் சுமார் 90 நிமிடம் காத்திருக்க வேண்டும். அதிகம் காலியானால் நிரம்பவும் அதிக நேரம் ஆகும், அவ்வளவுதான் கணக்கு. இந்தத் தொடர்பை 1938-ல் ஹாரி வுட்வர்ட் என்பவர் முதலில் எடுத்துச் சொன்னார். பூங்கா நிர்வாகம் இன்றும் 'அடுத்தது இத்தனை மணிக்கு, பத்து நிமிடம் முன்பின் ஆகலாம்' என்று பலகை வைப்பது இதை வைத்துத்தான்.

எல்லாக் கீசரும் இவ்வளவு ஒழுங்கு கிடையாது. 'ஸ்டீம்போட்' 300 அடிக்கும் மேல் அடிக்கக் கூடியது. 1911-லிருந்து 1961 வரை, 50 வருடம் அதில் பெரிய பீறிடலே இல்லை. 2014-க்குப் பிறகு தூங்கிக்கிடந்த ஸ்டீம்போட், 2018 மார்ச் 15 அன்று மறுபடி விழித்தது. 2019-ல் 48 முறை, 2020-லும் 48 முறை பீறிட்டது. பிறகு குறைந்துவிட்டது. இதற்காக மடக்கு நாற்காலி, நோட்டு, வாக்கி டாக்கியோடு நாள் கணக்கில் காத்துக் கிடப்பவர்களுக்கு 'கீசர் கேஸர்ஸ்' என்று பெயர். சம்பளம் கிடையாது. பலர் வேறு வேலை பார்ப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள். சிலர் சும்மா உட்கார்ந்து ஏமாந்து திரும்புவதும் உண்டு.

வெப்பநிலையைப் பதிவு செய்யும் கருவிகள் வந்துவிட்ட பிறகு இவர்கள் எதற்கு? கருவி எல்லாக் கீசரிலும் இல்லை. பக்கத்துக் கீசர் அடங்கியபோது இது கிளம்பியதா, தண்ணீர் கலங்கலாக வந்ததா என்பதைக் கண்ணால் பார்த்தவர்தான் எழுத முடியும்.

இந்தக் குறிப்புகளின் அருமை வருடங்கள் போகப் போகத்தான் தெரியும். 1939-ல் ஓல்ட் ஃபெய்த்ஃபுல்லின் சராசரி இடைவெளி 66 நிமிடத்தை ஒட்டி இருந்தது. இன்று 90 நிமிடத்தைத் தாண்டுகிறது. 1959 ஆகஸ்ட் 17-ல் அந்தப் பகுதியில் 7-க்கு மேல் ரிக்டர் அளவில் நிலநடுக்கம் வந்தபோது பல கீசர்களின் நடத்தையே மாறியது. முன்னால் எப்படி இருந்தது என்று யாரோ எழுதி வைத்திருந்ததால்தான், மாறியது என்றே சொல்ல முடிந்தது.

நம் நாட்டில் யாராவது இப்படிப் பார்த்தார்களா?

பார்த்தார்கள். 350 வருடத்துக்கு முன்பே. அவுரங்கசீப் காஷ்மீருக்குப் போனபோது, அந்தப் பயணத்தில் பிரான்சுவா பெர்னியர் என்ற பிரெஞ்சு மருத்துவரும் இருந்தார். மே மாதத்தில் ஒரு நாளைக்கு மூன்று முறை, காலை, உச்சி, இரவு என்று தானாகப் பெருகி வற்றும் ஊற்று ஒன்று அங்கே இருப்பதாகவும், அது தெய்வச் செயல் என்றும் மக்கள் சொன்னார்கள். பெர்னியர் நேரில் போய்ப் பார்த்தார்.

தண்ணீர் சுமார் முக்கால் மணி நேரம் வரும், ஏறக்குறைய 15 நாள் இந்த ஒழுங்கு இருக்கும், பிறகு குறைந்து ஒழுங்கு கெடும் என்றெல்லாம் அவர் எழுதி வைத்தார். மலை மேல் ஏறிச் சரிவுகளையும் கவனித்தார். மலையின் ஒவ்வொரு பக்கத்திலும் வெயில் படும் நேரம் வேறு, அதனால் பனி உருகி உள்ளே இறங்கி வந்து சேரும் நேரமும் வேறு என்பது அவர் ஊகம். அந்த விளக்கம் முழுக்கச் சரியா என்பது வேறு விஷயம். தண்ணீர் வரும் நேரத்தை வைத்து மலைக்குள் என்ன நடக்கிறது என்று யோசித்தாரே, அதுதான் முக்கியம்.

புதுச்சேரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

புதுச்சேரியில் கொதிநீர்க் கீசர் கிடையாது. ஆனால் தண்ணீர் தானாக மேலே வந்த வரலாறு உண்டு. மோட்டார் இல்லாமல், துளை போட்டாலே தண்ணீர் மேலேறி வரும் கிணறுகளை 'ஆர்ட்டீசியன்' கிணறு என்பார்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட 19-ம் நூற்றாண்டிலேயே புதுச்சேரியில் இத்தகைய கிணறுகள் போடப்பட்டன. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் வில்லியம் கிங் அவற்றைப் பற்றி 1880-ல் கட்டுரையே எழுதினார். இதே மாதிரி சென்னைக்கும் தண்ணீர் கிடைக்குமா என்பது அவருடைய கேள்வி.

இங்கே வெப்பத்துக்கு வேலை இல்லை. மேற்கே உயரமான நிலத்தில் இறங்கும் மழைநீர், களிமண் அடுக்குக்குக் கீழே மணற்பாறையில் மாட்டிக்கொண்டு கிழக்கே கடல் பக்கம் சரிந்து போகிறது. மேலே மூடி, பின்னால் தள்ளும் தண்ணீர். துளை விழுந்தால் ஏறி வருகிறது. கடலூர் மணற்பாறை எனப்படும் இந்த அடுக்கு நெய்வேலியிலும் உண்டு, புதுச்சேரிப் பகுதியிலும் உண்டு.

நெய்வேலியில் 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்தில் போட்ட ஆர்ட்டீசியன் கிணற்றில் தண்ணீரோடு கறுப்புத் துகள்கள் வந்தன. நிலக்கரி கண்டுபிடிப்புக்கு அதுதான் தொடக்கம். இன்றைக்கும் அங்கே பழுப்பு நிலக்கரிக்குக் கீழே இருக்கும் தண்ணீர், சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ வரை மேல்நோக்கி அழுத்துகிறது. அதை இரவு பகலாக இறைத்துக் குறைத்தால்தான் சுரங்கமே தோண்ட முடியும்.

பாகூர் பகுதி விவசாயிக்குக் கணக்கு இப்போது நேர் எதிர். 'புதுச்சேரியின் நெற்களஞ்சியம்' என்று பெயர் எடுத்த பகுதி இது. சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாகப் பாகூர் ஏரிக்குத் தென்பெண்ணைத் தண்ணீர் வரும். அது இல்லாத மாதங்களில் போர்வெல்தான் கதி. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகத்துக்கும் கரும்புக்கும் இறைத்து இறைத்து, தண்ணீரைத் தேடி ஆழமாகப் போக வேண்டிய நிலை. போர்வெல் போட அனுமதி வேண்டும் என்று 2002-லேயே புதுச்சேரியில் நிலத்தடி நீர்ச் சட்டம் வந்ததற்குக் காரணமும் இதுதான்.

அரசு அளக்கவில்லையா?

அளக்கிறது. மத்திய நிலத்தடி நீர் வாரியம் குறிப்பிட்ட கண்காணிப்புக் கிணறுகளில் வழக்கமாக ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டம் பார்க்கிறது. ஒரு மாநிலத்தின் நிலைமை தெரிய அது போதும். 'என் போர் இந்த நவரைக்குத் தாங்குமா?' என்று கேட்கும் கரையாம்புத்தூர் விவசாயிக்கு அதில் பதில் இருக்காது.

இங்கேதான் கீசர் கூட்டத்தின் பழக்கம் கைகொடுக்கும். போர்வெல்லும் காலியாகி நிரம்பும் ஒரு குழாய்தான். குறித்து வைக்க வேண்டியது மூன்றே மூன்று:

1. காலையில் மோட்டார் போடும் முன் தண்ணீர் எத்தனை அடியில் நிற்கிறது?

2. போட்ட பிறகு எத்தனை நிமிடத்தில் மோட்டார் 'காத்து வாங்குது'?

3. நிறுத்திய பிறகு தண்ணீர் பழைய மட்டத்துக்கு வர எவ்வளவு நேரம்?

உதாரணத்துக்கு, போன வருடம் ஐந்து மணி நேரம் ஓடிய மோட்டார் இப்போது மூன்று மணி நேரத்தில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலை மட்டம் மாறவில்லை என்றால், கோளாறு குழாயிலோ மோட்டாரிலோ துளை அடைப்பிலோ இருக்கலாம். மெக்கானிக்கைக் கூப்பிடலாம். காலை மட்டமும் இறங்கியிருந்தால், கீழே தண்ணீரே குறைகிறது. அப்போது இன்னும் 100 அடி இறக்குவதற்கு முன் பயிரை மாற்றலாமா என்று யோசிக்க வேண்டும். பக்கத்து மோட்டார் ஓடும் நாளில் மட்டும் நிரம்பத் தாமதமானால், இரண்டு பேரும் ஒரே தண்ணீரை இழுக்கிறார்கள். முறை வைத்து ஓட்டினால் இருவருக்கும் லாபம். கடலுக்குப் பக்கத்து ஊர்களில் தண்ணீரின் சுவை மாறுவதையும் எழுத வேண்டும். உப்பு ஏறுவதற்கு அது முதல் அறிகுறி.

ஒரு எச்சரிக்கை: மோட்டார் இருக்கும் துளையில் கயிறு விட்டால் வயரில் சிக்கும். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, விவரம் தெரிந்தவரை வைத்து அளப்பது நல்லது. பக்கத்தில் பயன்பாட்டில் இல்லாத போர் இருந்தால் அதில் அளக்கலாம்.

இது நடக்கிற காரியமா?

பக்கத்திலேயே நடந்திருக்கிறது. ஆந்திராவில் வறட்சி மிகுந்த 7 மாவட்டங்களில், ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு உதவியோடு, 600-க்கும் மேற்பட்ட ஊர்களில் விவசாயிகளே மழையளவையும் கிணற்று மட்டத்தையும் அளந்தார்கள். மட்டம் பார்ப்பது 15 நாளுக்கு ஒரு முறை. அந்தக் கணக்கை ஊர்ப் பலகையில் எழுதி, இருக்கிற தண்ணீருக்கு எந்தப் பயிர் சரி என்று கூடிப் பேசினார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பலர் நெல்லைக் குறைத்துத் தண்ணீர் குறைவாகக் கேட்கும் பயிருக்கு மாறினார்கள்.

மத்திய அரசு 2019 டிசம்பர் 25-ல் தொடங்கிய 6,000 கோடி ரூபாய் 'அடல் பூஜல்' திட்டத்திலும் மக்களே அளப்பது முக்கிய அம்சம். ஆனால் அது குஜராத், ராஜஸ்தான், கர்நாடகா உள்ளிட்ட 7 மாநிலங்களுக்கு மட்டும். தமிழ்நாடும் புதுச்சேரியும் அந்தப் பட்டியலில் இல்லை.

நேரம் குறிப்பதால் மட்டும் தண்ணீர் ஊறிவிடாது. ஏரியைத் தூர்வாருவது, வாய்க்காலைச் சரிசெய்வது, இறைப்பதைக் குறைப்பது எல்லாம் தனி வேலை. அந்த வேலைக்குப் பலன் கிடைத்ததா என்று சொல்வதற்குத்தான் கணக்கு வேண்டும்.

ஃபெஞ்சல் புயல் நேரத்தில், 2024 டிசம்பர் 1 காலை வரையிலான 24 மணி நேரத்தில், புதுச்சேரியில் 48 செ.மீ. மழை கொட்டியது. அடுத்த நாட்களில் தென்பெண்ணை வெள்ளம் பாகூர் பக்கம் புகுந்தது. வெள்ளம் எதுவரை வந்தது என்று கேட்டால் சுவரைத் தொட்டுக் காட்ட ஆள் இருக்கிறது. அந்த மழையில் உங்கள் போர்வெல்லில் தண்ணீர் எத்தனை அடி ஏறியது, எந்த மாதம் மறுபடி இறங்கியது? அதற்கு ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். அடுத்த மழைக்கு முன்பே எழுத ஆரம்பிக்கலாம்.