கிண்ணியா, மூதூர் முதியோர்: பொதி கொடுத்தால் பொறுப்பு முடிந்ததா?

கடந்த நோன்பின் நடுப்பகுதியில் எங்கள் பிரதேசத்துப் பள்ளிவாயல் வளவொன்றில் உலருணவுப் பொதிகள் பகிர்ந்தளிக்கப்பட்டன. பொதி கட்டியவர்களில் நானும் ஒருவன். அரிசி, கோதுமை மா, சீனி, பருப்பு, டின் மீன், பேரீச்சம்பழம். அதற்கு மேல் ஆண்களுக்கு ஒரு சாரன், பெண்களுக்கு ஒரு சேலை. லுஹருக்கு முன்பே வரிசை வீதி வரை போய்விட்டது.

எழுபதைத் தாண்டிய ஒரு வயோதிபத் தாய் தன் பொதியைத் தூக்க முடியாமல் மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். முச்சக்கர வண்டியில் ஏற்றி வீட்டில் கொண்டுபோய் விட்டோம். கை நடுங்குவதால் அவரால் அடுப்பு மூட்ட முடியாது என்பது அங்கேதான் தெரிந்தது. போன வருடத்துச் சேலை உறை பிரிக்கப்படாமல் மூலையில் கிடந்தது. "அரிசி இருக்கு மகன், ஆக்கத்தான் ஆளில்ல" என்றார்.

அந்த வார்த்தை கேட்ட நாளிலிருந்து ஒரு விடயம் மனதை உறுத்துகிறது. நாம் கொடுப்பது குறைவு என்று சொல்ல முடியாது. திருகோணமலை மாவட்டத்தில் தனவந்தர்களும், வெளிநாட்டில் உழைக்கும் நமது பிள்ளைகளும் ரமழானில் அள்ளித்தான் கொடுக்கிறார்கள். ஆனால் கொடுக்கும் முறை முதியவருக்காக அமைந்த முறை அல்ல. அது அனர்த்தத்துக்கு அமைந்த முறை.

இதற்குக் காரணமும் உண்டு. 2004 டிசம்பர் 26 சுனாமி கிண்ணியாவையும் மூதூரையும் புரட்டிப்போட்டது. 2006 ஓகஸ்டில் மூதூர் மக்கள் யுத்தத்துக்குப் பயந்து கந்தளாய்க்கு ஓடினார்கள். 2022இல் பொருளாதாரம் சரிந்தபோது, செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. ஒவ்வொரு தடவையும் லொறியில் பொதி வந்தது, வரிசையில் நின்றோம், வாங்கினோம். இருபது வருடமாக உதவி என்றால் நமக்குத் தெரிந்தது இதுதான். வெள்ளம் வந்தால் இது சரி. தண்ணீர் வடிந்ததும் குடும்பம் மறுபடி உழைக்கத் தொடங்கும். எழுபத்தைந்து வயதில் தனித்துப்போனவருக்கு வடிவதற்கு எந்த வெள்ளமும் இல்லை. அடுத்த மாதமும் பசிக்கும், அதற்கடுத்த மாதம் உடம்பு இன்னும் தளரும்.

அரச உதவி இருக்கிறதே என்பார்கள். 70 வயதைக் கடந்த வருமானம் குறைந்தோருக்கான கொடுப்பனவு 2025இல் 3,000 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. வரவேற்க வேண்டியதுதான். நாளொன்றுக்குப் பிரித்தால் 166 ரூபாய். இன்றைய விலையில் கடையில் ஒரு சோற்றுப் பார்சலுக்கே அது காணாது. நமது முதியவர்களில் பெரும்பாலானோர் மீன்பிடி, விறகு, வயல், கூலி என்று வாழ்ந்தவர்கள். ஓய்வூதியமோ ஊழியர் சேமலாப நிதியோ அவர்களுக்குக் கிடையாது. நாட்டுக்கே கோதுமை மா அரைக்கும் ஆலை இந்தத் துறைமுகக் கரையில், சீனக்குடாவில்தான் நிற்கிறது. அதில் ஒரு கிலோவுக்காக நம் தாய்மார் வெயிலில் நிற்கிறார்கள்.

2023இல் சமுர்த்திக் கொடுப்பனவுகளின் இடத்துக்கு வந்த அஸ்வெசும, குடும்பத்தை ஓர் அலகாக எடுத்து வீடு, சொத்து, மின்சாரப் பாவனை உட்பட 22 அளவுகோல்களால் மதிப்பிடுகிறது. இங்கேதான் நமது வழமை குறுக்கே வருகிறது. கிழக்கில் மகளுக்கு வீடு கொடுத்துக் கல்யாணம் முடித்து வைக்கிறோம். வாழ்நாள் உழைப்பில் கட்டிய கல்வீடு மகளுக்குப் போகிறது, பெற்றோர் பின்வளவுக் கொட்டிலுக்குப் போகிறார்கள். கணக்கெடுக்க வருபவர் கண்ணில் படுவது கல்வீடு. ஸகாத் குழுவும் அதையேதான் பார்க்கிறது: "பிள்ளைகள் இருக்கிறார்கள்தானே?"

பிள்ளைகள் இருக்கிறார்கள். தாய் தகப்பனைப் பராமரிப்பது பிள்ளை மீது கடமை என்பதால்தான் தன் ஸகாத்தைத் தன் பெற்றோருக்குக் கொடுக்க முடியாது என்று உலமாக்கள் சொல்கிறார்கள். 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளைகளின் பொறுப்பைச் சொல்கிறது. கவனிக்காத பிள்ளை மீது பெற்றோர் பராமரிப்புக் கோரி முறையிடலாம். எந்த உம்மா தன் மகன் மீது முறைப்பாடு எழுதுவார்? மகன் கத்தாரில் கடனோடு இருக்கலாம், மருமகனின் தோணி கரையில் கிடக்கலாம். பிள்ளை இருப்பதும் சோறு கிடைப்பதும் ஒன்றல்ல.

காலத்தையும் பாருங்கள். பெருநாள் தொழுகைக்கு முன் பித்ரா கொடுத்து முடிக்க வேண்டும் என்பதால், ஆளுக்குச் சுமார் இரண்டரைக் கிலோ என்று ஒரே இரவில் சில வீடுகளில் அரிசி குவிகிறது. துல்ஹஜ் வரும்போது அந்த வீடுகளில் அரிசியும் இல்லை, கேட்பாரும் இல்லை. துணியும் அப்படித்தான். இங்கே மழையும் குளிர்காற்றும் நவம்பர் முதல் ஜனவரி வரை. முதியவருக்கு அப்போது வேண்டியது போர்வை, தடித்த சட்டை, மாற்றிக் கட்ட இரண்டு பழகிய சாரன். பளபளக்கும் சேலை அல்ல. (2030இல் ஜனவரியிலும் டிசம்பரிலுமாக நோன்பு இரண்டு தடவை தொடங்கும். அந்த வருடம் நம் துணி தானாகவே காலத்துக்குப் பொருந்திவிடும்!)

பெனருக்கு முன் நிறுத்திப் படம் எடுப்பதைப் பற்றி இதே பகுதியில் பலர் எழுதிவிட்டார்கள். பணம் அனுப்பியவர் கணக்குக் கேட்கிறார் என்பது உண்மை. பொதிகளைப் படமெடுக்கலாம், முகங்களை விட்டுவிடலாம்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரு பொதி 10,000 ரூபாய் என்று வைத்தால் 100 பொதிக்குப் பத்து இலட்சம். ஒரு பகலில் முடிந்துவிடும். அதே பணம் 20 முதியவர்களுக்கு, ஆளுக்கு மாதம் 4,166 ரூபாயாக ஒரு வருடம் வரும். அதை அரிசியாகக் கொடுக்கத் தேவையில்லை. அயல்வீட்டில் கஷ்டப்படும் ஒரு பெண்ணின் கையில் கொடுத்தால், அவருடைய சட்டியில் ஒரு கோப்பைச் சோறு கூடுதலாக வேகும். இரண்டு வீட்டுக்கும் அது உதவி.

சிக்கல் எங்கே என்பதும் எனக்குத் தெரியும். 100 பேருக்குக் கொடுத்தால் யாரும் குறை சொல்லமாட்டார்கள். 20 பேரைத் தெரிந்தால் மற்ற எண்பது பேரும் நிர்வாகத்தின் வாசலில் நிற்பார்கள். அந்தப் பேச்சைக் கேட்கப் பயந்துதான் எல்லோருக்கும் சமனாகப் பகிர்கிறோம். எழுந்து நடக்கக்கூடியவரும் படுக்கையில் கிடப்பவரும் அந்தச் சமனில் ஒன்றாகிவிடுகிறார்கள். படுக்கையில் கிடப்பவர் வரிசைக்கே வருவதில்லை என்பது வேறு கதை.

ஷவ்வாலில் நாங்கள் மூன்று பேர் எங்கள் மஹல்லாவில் வீடு வீடாகப் போய்ப் பட்டியல் எடுத்தோம். தனியாக அல்லது கவனிப்பின்றி இருப்பவர்கள் 11 பேர். அதில் இருவரை நாங்கள் மௌத்தானவர்கள் என்றே நினைத்திருந்தோம். அரிசி வேண்டுமென்று கேட்டவர்கள் நான்கு பேர்தான். மற்றவர்கள் கேட்டது சமைத்த சாப்பாடு, மருந்து எடுத்துவர ஓர் ஆள், மலசலகூடத்துக்குப் போகும் வழியில் பிடித்து நடக்க ஒரு கம்பி. இப்போது ஏழு வீடுகளுக்கு அயலிலிருந்து பகல் சாப்பாடு போகிறது. இரவுக்கு இன்னும் ஆள் கிடைக்கவில்லை.