படிமம் இல்லாத சிற்றாலயம்

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலுள்ள ஹூஸ்டன் நகரில், அமைதியான குடியிருப்புப் பகுதியொன்றில் ரோத்கோ சிற்றாலயம் நிற்கிறது. கோபுரம் இல்லை, மணி இல்லை, சுவர்களில் சாளரமும் இல்லை. செங்கல்லால் எழுந்த எண்கோணக் கட்டடம் அது. வாயிலருகே பல சமயங்களின் மறைநூல்கள் வைக்கப்பட்டுள்ளன. நுழைவுக் கட்டணம் கிடையாது; உள்ளே ஒளிப்படம் எடுக்க இசைவும் கிடையாது. கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டு உள்ளே சென்ற எனக்கு முதலில் தோன்றியது ஏமாற்றமே. சாம்பல்நிறச் சுவர்களில் பதினான்கு பெரிய ஓவியங்கள். அனைத்தும் கறுப்பும் கருஞ்சிவப்பும் கருஊதாவுமாக இருந்தன. ‘இதைக் காணவா இத்தனை தொலைவு வந்தோம்?’ என்று மனம் முணுமுணுத்தது.

அவ்வோவியங்களை வரைந்தவர் மார்க் ரோத்கோ. இன்றைய லாட்வியாவில் 1903ஆம் ஆண்டு யூதக் குடும்பமொன்றில் பிறந்து, சிறுவயதிலேயே அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தவர். ஜான் டி மெனில், டொமினிக் டி மெனில் இணையர் 1964இல் இப்பணியை அவரிடம் ஒப்படைத்தனர். கத்தோலிக்க ஆலயமாகத்தான் இது முதலில் திட்டமிடப்பட்டது. திறக்கப்பட்டபோது எல்லாச் சமயத்தார்க்கும், சமயம் சாராதார்க்கும் உரிய இடமாகியிருந்தது.

ரோத்கோ நியூயார்க்கில் தம் பணிக்கூடத்திற்குள்ளேயே ஆலயச் சுவர்களை உண்மையளவில் அமைத்துக்கொண்டார். கூரைச் சாளரத்தின்கீழ் வான்குடைத் துணியைக் கட்டி, வரும் ஒளியை மட்டுப்படுத்தினார். ஒளி எவ்வாறு விழ வேண்டும் என்பதில் அவருக்கும் கட்டடக் கலைஞர் பிலிப் ஜான்சனுக்கும் கருத்து வேறுபாடு முற்றியது, ஜான்சன் விலகினார். இவ்வளவு போராடியவர் 1970 பிப்ரவரியில் மறைந்தார். 1971 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலயத்தில் தம் ஓவியங்கள் நிலைபெற்றதை அவர் காணவே இல்லை. நியூயார்க்கின் ஒளியில் வரைந்தவர் டெக்சாஸ் வெயிலின் கடுமையைக் கணக்கில் கொள்ளவில்லை போலும்! மட்டுமீறி வந்த ஒளியை அடக்குவதற்குப் பின்வந்தோர் பல்லாண்டுகள் பாடுபட நேர்ந்தது. 2020இல் முடிந்த சீரமைப்பின்போது கூரைச் சாளரம் புதிதாக அமைக்கப்பட்டது.

நடுவிலிருந்த மரப்பலகையில் அமர்ந்தேன். வேறு வேலை இல்லாமையால் எதிரிலிருந்த ஓவியத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கறுப்பு என்று எண்ணியது முழுக் கறுப்பன்று என்பது சற்று நேரத்தில் தெரியலாயிற்று. அதனடியில் சிவப்பு இருந்தது. ஓரங்களில் ஊதா கசிந்தது. வானில் மேகம் கடக்குந்தோறும் அந்நிறங்கள் பின்வாங்கின, மீண்டும் முன்வந்தன. ஓவியம் மாறவில்லை, ஒளி மாறியது, என் கண்ணும் அந்த இருளுக்குப் பழகியிருந்தது.

பல சமயத்தார்க்கும் பொதுவான இடம் அமைக்க விரும்புவோர் பெரும்பாலும் எல்லாச் சமயச் சின்னங்களையும் ஒரே சுவரில் வரிசையாகப் பொறித்துவிடுவர். அது நல்லெண்ணத்தின் அடையாளமே. ஆயினும், அங்கே ஒவ்வொருவர் கண்ணும் தத்தம் சின்னத்தைத் தேடிக் கண்டு, அத்துடன் நிறைவடைந்துவிடுகிறது. எதன் அளவு பெரிது, எது முதலில் உள்ளது என்ற கணக்கும் எழக்கூடும். ரோத்கோ சிற்றாலயம் எவர் சின்னத்தையும் சுவரில் ஏற்றவில்லை. இங்கு எவரும் விருந்தினர் அல்லர். எவரும் வீட்டுக்காரரும் அல்லர். எனக்கு இதுவே நேர்மையான பொதுமை என்று தோன்றுகிறது. இதில் ஒரு கடினமும் உண்டு. பாடலும் படிமமும் தரும் ஆறுதல் இங்கே கிடைக்காது. துயருற்று வருபவரை இவ்விருண்ட சுவர்கள் மேலும் தனிமைப்படுத்தலாம். அக்குறையை நான் மறுக்கவில்லை.

இத்தகைய அமைதி உலகத் துன்பங்களைக் காணாதிருக்க ஒரு வழியன்றோ என்று கேட்பாரும் உளர். அவர்கள் வாயிலுக்கு வெளியே வரவேண்டும். அங்கே நீர்த்தடாகத்தின் நடுவில் பார்னெட் நியூமன் படைத்த ‘முறிந்த தூண்’ எனும் எஃகுச் சிற்பம் நிற்கிறது. பிரமிடு வடிவப் பீடத்தின் உச்சியை, தலைகீழான தூணொன்றின் முனை தொட்டுக்கொண்டிருக்கிறது. 1968இல் கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்கின் நினைவாக அதை நகரின் பொதுவிடத்தில் நிறுவ மெனில் இணையர் முன்வந்தனர். கிங்கின் பெயரால் அதை ஏற்க நகர நிருவாகம் மறுத்தது. எனவே, அவர்களே அதை வாங்கி ஆலயத்தின்முன் நிறுத்தினர். பெயரை நீக்கியிருந்தால் சிற்பம் நகரின் நடுவில் நின்றிருக்கும், அவர்கள் நீக்கவில்லை. பின்னாளில், 1991இல், சிறைமீண்ட நெல்சன் மண்டேலா மனித உரிமைப் பரிசு பெற்று உரையாற்றியதும் இவ்விடத்தில்தான்.

2024 ஜூலையில் வீசிய பெரில் புயலால் கூரை பழுதுற்று மழைநீர் உட்புகுந்தது. ஓவியங்கள் சிலவும் சேதமுற்றன. சில மாதங்கள் மூடிக்கிடந்த ஆலயம் அவ்வாண்டு டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது.

நான் எழுந்தபோது, அருகிலிருந்த முதியவர் மடியில் ஒரு மறைநூலைத் திறந்து வைத்திருந்தார். அது எச்சமயத்தது என்று எனக்குத் தெரியவில்லை. அவர் அதைப் படிக்கவும் இல்லை, எதிர்ச்சுவரையே நோக்கிக்கொண்டிருந்தார்.