பட்டாவில் பேர் இல்லாதவங்களை யார் எண்ணுவாங்க?

"நல்ல விலை குடுத்தா நிலத்தைக் குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே, இதுல ஆய்வு என்ன வேண்டிக்கிடக்கு?" பரந்தூர் விமான நிலையம் பத்திப் பேச்சு வந்தா சென்னையில இருக்கிற சொந்தக்காரங்க என்கிட்ட கேக்குற கேள்வி இது. கேக்குறவங்க கெட்ட எண்ணத்துல கேக்கலை. ஏக்கருக்கு இவ்வளவு பணம், ஏக்கர்ல வருஷத்துக்கு இவ்வளவு வருமானம், வகுத்துப் பார்த்தா பணம்தான் லாபம்னு அவங்க கணக்கு சொல்லுது. அந்தக் கணக்குல எது எதெல்லாம் விட்டுப்போகுதுன்னு சொல்லத்தான் இந்தப் பதிவு.

முதல்ல ஒண்ணைச் சொல்லிடறேன். நான் அந்த 13 கிராமத்துக்காரன் இல்லை. அதே காஞ்சிபுரம் மாவட்டத்துல, அதே மாதிரி ஏரிப் பாசனத்துல, மதகுக்குக் கீழ மூணு ஏக்கர் வெச்சிருக்கிறவன். விமான நிலையமே கூடாதுன்னு சொல்றவனும் இல்லை. மீனம்பாக்கத்துல இடம் பத்தலைங்கிறது எனக்கும் தெரியும். எங்க ஊர்லயே நாளைக்கு ஒரு நல்ல விலை வந்தா கையெழுத்துப் போட பாதிப்பேர் தயாரா இருக்காங்க. நெல்லுல என்ன மிஞ்சுதுன்னு எங்களுக்குத் தெரியாதா?

என் கேள்வி வேற. ஒரு இடத்துல பெரிய திட்டம் வந்தா தண்ணி என்ன ஆகும், சனங்க என்ன ஆவாங்கன்னு ஆராயறதை நாம எப்போ செய்யறோம், எதை எண்ணறோம், யார்கிட்ட கேக்குறோம்?

எப்போங்கிறதை முதல்ல பார்ப்போம். 2022 ஆகஸ்டுல பரந்தூர்னு இடத்தை அறிவிச்சாங்க. ஏகனாபுரம் சனங்க அந்த வருஷத்துலேர்ந்து போராடறாங்க. கிராம சபையில திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டாங்க. ஏரியும் கால்வாயும் இருக்கிற இடமாச்சேன்னு கேள்வி வந்த பிறகுதான், நீர்வழிகளை ஆராய ஒரு குழுவை அரசு போட்டுச்சு. நில எடுப்புக்கு நிர்வாக அனுமதி 2023-ல வந்துச்சு. ஒன்றிய அரசோட கொள்கையளவு ஒப்புதல் 2025 ஏப்ரல்ல வந்துச்சு. வரிசையைப் பாருங்க, இடம் முன்னாடி, ஆய்வு பின்னாடி. பொண்ணு நிச்சயம் பண்ணி பத்திரிகையும் அடிச்சுட்டு அப்புறமா ஜாதகம் பார்க்கிற மாதிரி இருக்கு. அப்படிப் பார்க்கிற ஜோசியர் பொருத்தம் இல்லைன்னு சொல்லிடுவாரா?

அடுத்தது எதை எண்ணறோம்ங்கிறது. அரசு ஆணைப்படி திட்டத்துக்கு வேண்டிய நிலம் சுமார் 5,746 ஏக்கர். அதுல 3,774 ஏக்கர் பட்டா நிலம், மீதி 1,972 ஏக்கர் அரசு நிலம். பேப்பர்ல படிக்கிறவங்களுக்கு அந்த 1,972 ஏக்கர் சும்மா கிடக்கிற இடமாத் தெரியும். இழப்பீடு தர வேண்டாம், எதிர்க்க ஆளில்லை. ஆனா எங்க பக்கத்து கிராமத்துல அரசு நிலம்னா என்ன தெரியுமா? ஏரி, குளம், தாங்கல், ஓடை, வரத்துக்கால்வாய், மேய்க்கால், களம், சுடுகாடு. யார் பேர்லயும் பட்டா இல்லாததுனாலதான் அது எல்லாருக்கும் பொதுவா இருக்கு.

கோடையில ஏரி வத்தினதும் மாடுங்க எல்லாம் ஏரிக்குள்ளதான் மேயும். ரெண்டு மாடு வெச்சு சொசைட்டிக்குப் பால் ஊத்தி பிள்ளையைப் படிக்க வைக்கிற அம்மாவுக்கு அரை சென்ட் நிலம்கூட இருக்காது. ஏரிப் புல்லு போச்சுன்னா தீவனம் விலைக்கு வாங்கணும், அப்புறம் பால்ல என்ன மிஞ்சும்? கரையோரம் குடிசை போட்டிருக்கிற இருளர் குடும்பங்க மீனு, நண்டு, எலின்னு ஏரியையும் வயலையும் நம்பித்தான் இருக்காங்க. பல பேருக்கு வீட்டுமனைப் பட்டாவே கிடையாது. அறுவடை முடிஞ்ச வயல்ல வாத்து மேய்க்க வெளியூர்லேர்ந்து வர்றவங்க இருக்காங்க. மதகைத் திறந்து மூடற நீர்க்கட்டிக்கு ஊரு குடுக்கிற நெல்லுதான் கூலி. நடவுக்கும் களைக்கும் வர்ற பெண்கள்ல பாதிப்பேர் பக்கத்து ஊர்க்காரங்க, அவங்க ஊரு திட்டத்துலயே வராது. இவங்க யாரும் பட்டாவுல இல்லை, அதனால இழப்பீட்டுப் பட்டியல்லயும் வர மாட்டாங்க.

பட்டா இருக்கிற வீட்லயும் சிக்கல்தான். எங்க பக்கம் பாதி பட்டா இன்னும் தாத்தா பேர்லதான் கிடக்கு. பங்காளிங்க வாய்ப்பேச்சா பிரிச்சுகிட்டு உழுதுகிட்டிருக்காங்க. பணம்னு ஒண்ணு வந்ததும் நாலு அண்ணன் தம்பியும் கோர்ட்டுக்குப் போவாங்க. வாரத்துக்கு உழுதவனுக்குக் காகிதமே இல்லை.

இதையெல்லாம் எண்ணறதுக்கு நாட்டுல சட்டம் இல்லாம இல்லை. 2013-ல நாடாளுமன்றம் கொண்டுவந்த நிலமெடுப்புச் சட்டத்துல சமூகத் தாக்க மதிப்பீடுன்னு ஒரு தனி அத்தியாயமே இருக்கு. பாதிக்கப்பட்ட குடும்பம்னா நில உரிமையாளர் மட்டும் இல்லை, அந்த நிலத்தை மூணு வருஷமா நம்பிப் பிழைக்கிற கூலியாளு, குத்தகைதாரர், கைவினைஞர் எல்லாரும்தான்னு அந்தச் சட்டம் சொல்லுது. ஆய்வை ஆறு மாசத்துல முடிக்கணும், ஊர்ல கூட்டம் போட்டுக் கருத்துக் கேக்கணும், தனியார் திட்டம்னா 80 சதவீதக் குடும்பங்களும், அரசும் தனியாரும் சேர்ந்து செய்யறதுன்னா 70 சதவீதக் குடும்பங்களும் சம்மதிக்கணும். இவ்வளவும் எழுத்துல இருக்கு.

ஆனா தமிழ்நாட்டுக்கு ஒரு பக்கவாசல் இருக்கு. தொழில் நோக்கத்துக்கு நிலம் எடுக்கிறதுக்கான 1997-ஆம் வருஷத்து மாநிலச் சட்டம்தான் அது. அந்த வழியில எடுத்தா இழப்பீடும் மறுவாழ்வும் 2013 சட்டப்படி உண்டு, ஆனா சமூகத் தாக்க மதிப்பீடும் சம்மதமும் வேண்டாம். சென்னை உயர் நீதிமன்றம் 2019-ல இது செல்லாதுன்னு சொல்லுச்சு. உடனே மாநில அரசு புதுச்சட்டம் போட்டு உயிர் குடுத்துச்சு, 2021-ல உச்ச நீதிமன்றமும் அது செல்லும்னு சொல்லிடுச்சு. பரந்தூருக்கு நிலம் எடுக்கிறது இந்த 1997 சட்டத்துலதான். பணத்தைக் குறைக்கலையேன்னு சிலர் கேக்குறாங்க. பணத்தைக் குறைக்கலை, சரிதான். கேள்வி கேக்குற உரிமையைத்தான் எடுத்துட்டாங்க.

சமூகத் தாக்கம் போகட்டும், சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு இருக்கேன்னு சொல்வீங்க. இருக்கு. 2006 செப்டம்பர்ல வந்த அறிவிக்கைப்படி விமான நிலையத்துக்கு அது கட்டாயம். மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் குறைஞ்சது 30 நாள் முன்னாடி அறிவிச்சு பொதுமக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்தணும். ஆனா அதுல ரெண்டு விஷயம் விவசாயி கண்ணுக்கு உறுத்துது.

ஒண்ணு, அறிக்கை எழுதற கன்சல்டன்டுக்குச் சம்பளம் குடுக்கிறது திட்டம் போடறவங்களேதான். தமிழ்ல வர்றது சுருக்கம் மட்டும், நூத்துக்கணக்கான பக்கமுள்ள முழு அறிக்கை இங்கிலீஷ்ல. ஊர்ல யார் படிக்கிறது?

இன்னொண்ணு, பருவம். பல திட்டங்களுக்கு மழைக்காலம் இல்லாத ஒரு பருவத்துத் தகவலே போதும். மார்ச்லேர்ந்து மே வரைக்கும் வந்து அளந்தாலும் விதிப்படி சரிதான். எங்க ஏரியை மே மாசத்துல வந்து பாருங்க, சின்னப் பசங்க கிரிக்கெட் ஆடிகிட்டிருப்பாங்க. வரத்துக்கால்வாய்ல முள்ளு மண்டியிருக்கும், அது கால்வாய்னு நான் சொன்னாத்தான் உங்களுக்குத் தெரியும். அதே இடத்துக்கு நவம்பர்ல வாங்க. மேல் ஏரி நிரம்பி, கலங்கல் வழிஞ்சு, நடு ஏரிக்கு வந்து, அது நிரம்பி கீழ் ஏரிக்குப் போகும். ஒரு சங்கிலிதான் இது. நடுவுல ஒரு கண்ணியை எடுத்தா மேல இருக்கிற ஊரு முழுகும், கீழ இருக்கிற ஊரு காயும். இதை வெயில் காலத்துல அளந்து எப்படிக் கண்டுபிடிப்பாங்க?

பரந்தூர் இடத்துக்குள்ள கம்பன் கால்வாய் ஓடுது. பல ஏரிகளுக்குத் தண்ணி குடுத்துகிட்டே ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் போகிற கால்வாய் அது. ஸ்ரீபெரும்புதூர் ஏரியோட உபரி செம்பரம்பாக்கத்துக்குத்தான் போகுது. செம்பரம்பாக்கம்னு சொன்னா உங்களுக்கு 2015 டிசம்பர் ஞாபகம் வந்திருக்கும். விநாடிக்கு 29,000 கனஅடி திறந்தப்போ அடையாறு கரையில என்ன ஆச்சுன்னு நான் சொல்ல வேண்டியதில்லை. மேல இருக்கிற சின்னச் சின்ன ஏரிங்க தண்ணியைத் தேக்கி, தாமதப்படுத்தித்தான் கீழ அனுப்புது. அந்த இடத்துல கான்கிரீட் வந்தா தண்ணி தாமதிக்காது. எங்க ஊரு ஏரி உங்க வீட்டுக்கும் சேர்த்துத்தான் வேலை செய்யுதுன்னு நான் அடிக்கடி எழுதறது இதுக்காகத்தான்.

சரி, விமான நிலையம் பெரிய விஷயம், பேப்பர்லயாவது வருது. நீங்க வாங்கற மனை எந்தக் கணக்குல வருதுன்னு யோசிச்சிருக்கீங்களா? 50 ஹெக்டேர், அதாவது சுமார் 124 ஏக்கர், அதுக்கு மேல நகரியம் போட்டா சுற்றுச்சூழல் அனுமதி வேணும். ஆனா கட்டட, நகரியத் திட்டங்களுக்குப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு வேண்டாம்னு அதே 2006 அறிவிக்கை விலக்கு குடுக்குது. 50 ஹெக்டேருக்குக் கீழ வெறும் மனையாப் பிரிச்சு விக்கிறதுக்கு அந்த அனுமதியே தேவைப்படறதில்லை. எங்க ஏரி ஆயக்கட்டுலயே 60 ஏக்கருக்கு லேஅவுட் வருதுன்னு ஆறு மாசமா புரோக்கருங்க சுத்தறாங்க. அந்த 60 ஏக்கருக்கு நடுவுலதான் கடைமடைக்குப் போகிற வாய்க்கால் இருக்கு. அதை மூடி ரோடு போட்டா கீழ இருக்கிற 40 ஏக்கர் தானாவே தரிசாகும். அப்புறம் "சும்மா கிடக்கிற நிலம்தானே"ன்னு அதையும் கேட்டு வருவாங்க. இப்படித்தான் ஒரு ஆயக்கட்டு சாகுது. இதுக்கு எந்த அதிகாரியும் எந்த அறிக்கையும் எழுத மாட்டார்.

வேலைவாய்ப்பு வருமேன்னு ஒரு நியாயமான கேள்வி இருக்கு. வரும், வந்தும் இருக்கு. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்துல கம்பெனிங்க வந்ததால எங்க பக்கத்துப் பிள்ளைங்க நிறைய பேர் பேன்ட் சட்டை போட்டு பஸ் ஏறிப் போறாங்க, நான் மறுக்கலை. ஆனா நோக்கியா 2006-ல உற்பத்தி ஆரம்பிச்சு 2014 நவம்பர்ல மூடினதையும் பார்த்தோம். பின்னால அங்க வேற கம்பெனி வந்துச்சு. நடுவுல வேலை போன பிள்ளைங்களுக்குத் திரும்பிப் போக நிலம் இருந்துச்சா இல்லையாங்கிறதுதான் வித்தியாசம். இருந்தவன் சமாளிச்சான். வேலை எத்தனை வரும்னு எழுதற அறிக்கை, எத்தனை வருஷத்துக்கு, எந்தப் படிப்புக்கு, எந்த ஊர்க்காரனுக்குன்னும் எழுதணும். நடவு நடற 50 வயசு அம்மாவுக்கு ஏர்போர்ட்ல என்ன வேலைன்னும் எழுதணும்.

அப்போ என்னதான் செய்யணும்ங்கிறீங்கன்னு கேட்டா, நான் கேக்குறது இவ்வளவுதான்.

இடத்தை முடிவு பண்றதுக்கு முன்னாடியே ஆய்வு நடக்கணும், "இந்த இடம் வேண்டாம்"ங்கிற பதிலுக்கும் அதுல இடம் இருக்கணும். தண்ணியைப் பத்தின எந்த ஆய்வும் ஐப்பசி கார்த்திகையில நடக்கணும். நீர்க்கட்டியையும் கூட்டிகிட்டு வரத்துக்கால்வாயோட நடந்து பார்த்து எழுதணும், அவருக்குத் தெரிஞ்சது எந்த சேட்டிலைட் படத்துலயும் இல்லை. பட்டாவை வெச்சு எண்ணாம வீட்டுக்கு வீடு எண்ணணும், அந்தப் பட்டியலை கிராம சபையில உரக்கப் படிச்சு விட்டுப்போன பேரைச் சேர்க்கணும். முழு அறிக்கையும் தமிழ்ல வரணும். மாநிலச் சட்டத்துல எடுத்தாலும் சமூகத் தாக்க மதிப்பீடு கட்டாயம்னு ஒரு திருத்தம் கொண்டுவரணும். ஆய்வுக்கு ஆறு மாசம் போகும், அவ்வளவுதான். போராட்டமும் வழக்குமா எத்தனை வருஷம் போகுதுன்னு பரந்தூரைப் பார்த்தாலே தெரியுதே.

நகரத்துல இருக்கிற உங்களாலயும் ஆகிற காரியம் ரெண்டு இருக்கு. ஒரு திட்டத்துக்குக் கருத்துக்கேட்பு அறிவிச்சா, நேர்ல வர முடியாதவங்க எழுத்துலயும் கருத்து அனுப்பலாம். அந்த இங்கிலீஷ் அறிக்கையைப் படிச்சு, எங்க ஏரி பேரு அதுல இருக்கா, எந்த மாசத்துல அளந்தாங்கன்னு மட்டும் பார்த்துச் சொன்னாலே எங்களுக்குப் பெரிய உதவி. ரெண்டாவது, ஊர்ப்பக்கம் மனை வாங்கறதுக்கு முன்னாடி அந்த சர்வே நம்பரோட 'அ' பதிவேட்டையும் புல வரைபடத்தையும் எடுத்துப் பாருங்க. நன்செய்னு போட்டிருந்தாலோ, பக்கத்து நம்பர் வாய்க்கால்னு இருந்தாலோ, ஒரு நவம்பர் மாசம் மழை விட்ட மறுநாள் அந்த இடத்துல போய் நின்னு பார்த்துட்டு அட்வான்ஸ் குடுங்க. புரோக்கர் ஏப்ரல்லதான் கூப்பிடுவார்.

எங்க ஊரு 60 ஏக்கர் விஷயம் அடுத்த கிராம சபையில வருது. வாய்க்காலை அளந்து கல்லு நடச் சொல்லி மனு எழுதி வெச்சிருக்கோம், இதுவரைக்கும் 43 பேர் கையெழுத்துப் போட்டிருக்காங்க. அதுல 19 பேருக்கு நிலமே கிடையாது. என்ன ஆச்சுன்னு அடுத்த மாசம் எழுதறேன்.