தபால் பெட்டி மறைந்த நாடு

டென்மார்க்கில் 1624-ஆம் ஆண்டு மன்னர் நான்காம் கிறிஸ்டியான் நிறுவிய அஞ்சல் பணி, 2025 டிசம்பர் 30-ஆம் நாளோடு கடிதம் கொண்டு சேர்ப்பதை நிறுத்திக்கொண்டது. 2000-ஆம் ஆண்டில் சுமார் 140 கோடியாக இருந்த கடிதங்கள் 2024-இல் 11 கோடியாகச் சுருங்கிவிட்டன. வீதிகளில் நின்ற 1,500 சிவப்புப் பெட்டிகளையும் அகற்றிவிட்டார்கள். கடிதம் எழுதுவோர் இனித் தனியார் நிறுவனத்தையே நாட வேண்டும்.

அரசின் மடல்கள் அங்கே 2014 முதல் கணினி வழியாகவே வருகின்றன. ஆயினும், இயலாத முதியோர் விலக்குப் பெற்றுக் காகிதத்திலேயே பெறலாம். நாம் கவனிக்க வேண்டியது இந்த விலக்கைத்தான்.

நம் ஊர்களிலும் வங்கிக் கணக்கும் மின்கட்டண ரசீதும் கைபேசிக்குள் புகுந்துவிட்டன. சபர் சென்ற மகனின் கடிதத்தை, எழுத்தறியாத தாய்க்கு அன்று தபால்காரரோ பக்கத்து வீட்டுப் பிள்ளையோ படித்துக் காட்டினார்கள். இன்று அந்தத் தாயின் கைபேசிக்கு வரும் செய்தியைப் படித்துச் சொல்பவர் யார்? அறியாத எவரிடமோ அவர் கைபேசியை நீட்டினால், சேமிப்பே பறிபோகலாம்.

இளைஞர்களே! வாரம் ஒருமுறையேனும் பெரியவர்கள் அருகில் அமருங்கள். வந்த செய்திகளைப் படித்துச் சொல்லுங்கள். ரகசிய எண்ணை எவரிடமும் கூறலாகாது என்பதைப் பொறுமையோடு விளக்குங்கள். அன்று அயலார் செய்த உபகாரம், இன்று வீட்டுப் பிள்ளைகளின் கடமையாகிவிட்டது.