கிடை நாயின் காதும் மெடிக்கல் கடை ஸ்டீராய்டும்

அன்னவாசலில் இருந்து குடுமியான்மலை போகும் பக்கம் ஒரு செம்மண் காட்டில் கடந்த மாசியில் ஆட்டுக்கிடை போட்டிருந்தார்கள். நிலக்கடலைக்கு முன் கிடை போட்ட மண்ணில் மாதிரி எடுக்கப் போயிருந்தேன். கிடைக்கு இரண்டு நாய்கள் காவல். ஒன்று விறைத்த காதுள்ள நாட்டு நாய். மற்றொன்று டவுனில் யாரோ ஆசைக்கு வளர்த்து விரட்டிவிட்ட லேப்ரடார் கலப்பு. காது தொங்கிக் கிடந்தது. இரண்டும் தலையை உதறிக்கொண்டே இருந்தன. லேப்ரடார் கிட்டே வந்தபோது புளித்த மாவு நாற்றம் அடித்தது.

"என்னண்ணே, காதுல சீழா?" என்று கேட்டேன். கிடைக்காரர் மடியில் இருந்து ஒரு டியூபை எடுத்துக் காட்டினார். "மெடிக்கல்ல குடுத்தாங்க சார். ரெண்டுக்கும் இதத்தான் போடுறேன். ஊசியும் ரெண்டு வாட்டி போட்டாச்சு. போட்டா ரெண்டு நாளு நல்லாருக்கு, மறுபடி உதறுது."

டியூபில் இருந்தது மனிதர்களின் படை, சொறிக்கு விற்கும் கலவை: வீரியமான ஸ்டீராய்டு ஒன்று, ஆன்டிபயாடிக் ஒன்று, பூஞ்சை மருந்து ஒன்று. ஊசி டெக்ஸாமெத்தசோன். நான் பயிர்க்காரன், கால்நடை மருத்துவன் அல்ல. ஆனால் இந்தக் காட்சி எனக்குப் பழக்கமானது. "பயிர் மஞ்சளா இருக்கு" என்று சொன்னதும் பூச்சிமருந்து, பூஞ்சாண மருந்து, டானிக் மூன்றையும் ஒரே டேங்கில் கலந்து அடிக்கச் சொல்லும் கடையை நாம் பார்த்ததில்லையா? இலையைத் திருப்பிப் பார்க்காமல் கொடுக்கும் மருந்து அது. காதைத் திருப்பிப் பார்க்காமல் கொடுத்தது இது.

ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று பேசுகிறவர்களும் உண்டு. அதுவும் தவறு. 1948இல் முடக்குவாதத்தில் கிடந்த ஒரு பெண்ணுக்கு அமெரிக்க மருத்துவர் பிலிப் ஹென்ச் கார்ட்டிசோன் கொடுத்து நடக்க வைத்தார். 1950இல் அவருக்கும் உடன் உழைத்த இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அன்று முதல் மனிதருக்கும் விலங்குக்கும் ஒவ்வாமை வீக்கத்தை அடக்க இவ்வளவு வேகமான மருந்துகள் குறைவு. நாயின் ஒவ்வாமைக் காதுக்கு ஸ்டீராய்டுதான் பல நேரங்களில் சரியான மருந்தும்கூட. ஏன் என்பதற்கு நாயின் காது அமைப்பைப் பார்க்க வேண்டும்.

நம் காதுத் துளை ஏறக்குறைய நேராக உள்ளே போகிறது. நாயின் காதுத் துளை முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கமாகத் திரும்புகிறது, பிவிசி குழாயில் மாட்டும் எல்போ போல. தெள்ளுப்பூச்சிக் கடி, தூசி, மகரந்தம், தீவனத்தில் உள்ள ஏதோ ஒன்று என எதனால் ஒவ்வாமை வந்தாலும் இந்தக் குழாயின் உள்தோல் சிவந்து வீங்கும். சில நாய்களில் ஒவ்வாமையின் முதல் அடையாளமே காதுதான். வீங்கினால் துளை சுருங்கும், குறும்பி அதிகம் சுரக்கும், காற்றோட்டம் நிற்கும். கண்மாயில் நீந்திவிட்டு வரும் தொங்கு காது நாய்க்கு ஈரமும் சேர்ந்துகொள்ளும். அந்தப் புழுக்கத்தில், தோலில் சாதாரணமாக இருக்கும் மலசீசியா என்னும் ஈஸ்ட் பெருகும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு நிலக்கடலைக் காய் போலவே இருக்கும். லேப்ரடாரின் காதில் இருந்து வந்த புளித்த நாற்றம் பெரும்பாலும் இதனுடையது. அடுத்து பாக்டீரியா சேரும்.

ஈஸ்டையும் பாக்டீரியாவையும் மட்டும் கொன்றால் போதாது. அடியில் ஒவ்வாமை இருக்கும்வரை அவை திரும்பி வரும். துளை மூடிக் கிடந்தால் ஊற்றும் சொட்டு மருந்து உள்ளேயே போகாது. ஸ்டீராய்டு வீக்கத்தை வற்ற வைத்து வழி திறக்கிறது, குறும்பியைக் குறைக்கிறது, அரிப்பை நிறுத்துகிறது. கவனிக்காமல் வருடக்கணக்கில் விட்டால் குழாயின் சுவர் தடித்து, சுண்ணாம்பு படிந்து, கடைசியில் அறுவை செய்து குழாயையே எடுக்க வேண்டி வரும்.

ஆக, லேப்ரடாருக்கு ஸ்டீராய்டு தேவைதான். நாட்டு நாய்க்கு? அதற்கு இடது காதில் மட்டும்தான் தொந்தரவு. ஒவ்வாமை பெரும்பாலும் இரண்டு காதையும் பிடிக்கும். பாதத்தை நக்குவது, வயிற்றைச் சொறிவது என்று உடம்பின் வேறு இடங்களிலும் காட்டும். ஒரே காது, அதுவும் மேய்ச்சல் காட்டில் திடீரென்று வந்தது என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது ஊசிப்புல். நம் பக்கத்துத் தரிசிலும் தைல மரக் காட்டு ஓரத்திலும் மழைக்காலம் முடிந்ததும் அதன் விதைகள் முற்றி நிற்கும். முனை கூர்மை, அதன் மேல் பின்னோக்கிப் படிந்த முடி, முறுக்கிய வால். ஈரம் பட்டால் வால் முறுக்கு அவிழ்ந்து விதையை மண்ணுக்குள் துளைத்து ஏற்றும். மண்ணுக்குப் பதில் காதாக இருந்தாலும் அதே வேலைதான். முன்னே போகுமே தவிரப் பின்னே வராது. பயிரியல் வகுப்பில் இந்த விதையை வியந்து பாடம் நடத்தியிருக்கிறேன். நாயின் காதுக்குள் அதை நினைத்தால் வியப்பு வரவில்லை.

கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்துக் காதுநோக்கி வைத்துப் பார்த்தபோது அதுதான் இருந்தது. ஸ்டீராய்டு செய்த வேலை, வலியையும் வீக்கத்தையும் தணித்து விதை இருப்பதை மூன்று வாரம் மறைத்ததுதான். அதற்குள் செவிப்பறைக்கு மிக அருகில் போய்விட்டது. பறை கிழிந்திருந்தால் ஜென்டாமைசின் போன்ற ஆன்டிபயாடிக் கலந்த சொட்டு மருந்து உட்காதில் இறங்கி, கேட்கும் திறனையே கெடுக்கக்கூடும். அதனால்தான் மருத்துவர்கள் பறையைப் பார்த்த பிறகே சொட்டு மருந்தை முடிவு செய்கிறார்கள். காதில் மண்ணெண்ணெயும் புகையிலைச் சாறும் ஊற்றும் வழக்கம் உள்ளவர்களும் இதை நினைவில் வைக்கலாம்.

குட்டி நாய்களின் காதில் காப்பித்தூள் போல் உலர்ந்த கறுப்பு அழுக்கு இருந்தால் அது பெரும்பாலும் சிலந்திப்பேன், பயிரில் வரும் செம்பேனின் தூரத்துச் சொந்தம். அதற்கு மருந்து வேறு. பச்சை கலந்த சீழும் கடும் வலியும் இருந்தால் சூடோமோனாஸ் பாக்டீரியாவாக இருக்கலாம். எந்த ஆன்டிபயாடிக் கேட்கும் என்று சோதித்துத்தான் கொடுக்க வேண்டும். பஞ்சுக் குச்சியில் எடுத்த அழுக்கைச் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்த்தால் ஈஸ்டா, பாக்டீரியாவா என்பது சில நிமிடத்தில் தெரிந்துவிடும்.

இனி அந்த 'ரெண்டு நாளு' கணக்கு. டெக்ஸாமெத்தசோனின் வேலை ஏறக்குறைய 2 நாளில் முடிந்துவிடும். அதனால்தான் மறுபடி உதறல். இதைக் கண்டு, வாரக்கணக்கில் நிற்கும் டெப்போ ஊசிக்குப் போகிறார்கள். அதில் பக்கவிளைவு வந்தால் மருந்தைத் திரும்ப எடுக்க முடியாது. மாத்திரையாகக் கொடுத்தால் மருத்துவர் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்துவார். நீண்ட நாள் கொடுத்ததைத் திடீரென்று நிறுத்தினால், தானாகச் சுரக்க வேண்டிய ஹார்மோன் சுரக்காமல் நாய் சுருண்டு விழும். தொடர்ந்து கொடுத்தால் தாகம், பசி, அடிக்கடி சிறுநீர், தொங்கும் வயிறு, முடி கொட்டுதல். உண்ணி நிறைந்த நம் கிடைகளில் நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் சாதாரணம். எதிர்ப்புச் சக்தி குறைந்தால் உள்ளே அடங்கிக் கிடந்த நோய் தலைதூக்கும். இத்துடன் வலி மாத்திரையும் சேர்த்துக் கொடுத்தால் குடலில் புண்.

ஆடு மாடு வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. நாய்க்கு வாங்கிய குப்பியில் மிச்சம் இருக்கிறதே என்று நிறைசினை மாட்டுக்கோ ஆட்டுக்கோ டெக்ஸாமெத்தசோன் போட்டால் காலத்துக்கு முன்பே ஈன்றுவிடலாம். மாட்டில் நஞ்சுக்கொடி தங்கும்.

நாய் என்றாலே இப்போது தெருநாய் வழக்குதான் பேச்சு. 2025 ஆகஸ்ட் 22இல் உச்ச நீதிமன்றம், பிடித்த நாய்களுக்குக் கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் போட்டு அதே இடத்தில் விட வேண்டும், வெறிநோய் உள்ளவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக்கூடாது என்றது. நவம்பர் 7இல் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலைய வளாகங்களில் இருந்து பிடிப்பவற்றை அங்கேயே திரும்ப விடக்கூடாது என்றது. 2030க்குள் நாய் வழி வெறிநோயை ஒழிப்பது மத்திய அரசின் இலக்கு. இவ்வளவும் தடுப்பூசி வேலை செய்வதை நம்பி நிற்கிறது. எதிர்ப்புச் சக்தியை அடக்கும் அளவில் ஸ்டீராய்டு போன நாய்க்குத் தடுப்பூசியின் பலன் குறையக்கூடும். முகாமுக்கு நாயைக் கொண்டுபோகும்போது, எப்போது என்ன ஊசி போட்டோம் என்று சொல்லுங்கள். காது வலிக்கும் நாய் தொட்டவரைக் கடிக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். தடுப்பூசி போடாத நாய் நடத்தை மாறித் திரிந்தால் காதுக்குள் விரல் விட்டுப் பார்க்காதீர்கள். கடித்தால் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரெட்னிசோலோன் எல்லாம் எச் அட்டவணை மருந்துகள். மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. ஸ்டீராய்டு களிம்புகள் தாராளமாக விற்றதைக் கண்டு 2018 மார்ச்சில் 14 களிம்பு மருந்துகளையும் மத்திய அரசு அந்த அட்டவணைக்குள் கொண்டுவந்தது. கால்நடை மருத்துவம் பார்க்கப் பதிவு பெற்ற மருத்துவருக்கே உரிமை என்பது 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டம். ஆனாலும் டியூப் மடிக்கு வந்துவிடுகிறது. கடைக்காரரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிடை இன்று இங்கே, அடுத்த வாரம் வேறு ஊரில். ஆட்டை விட்டுவிட்டு நாயைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு யார் போவது? போனாலும் காதுநோக்கி இல்லாத மருந்தகங்களைப் பார்த்திருக்கிறேன். 1962 எண்ணில் அழைத்தால் வரும் நடமாடும் ஊர்தித் திட்டமே ஒரு லட்சம் கால்நடைக்கு ஒரு வண்டி என்ற கணக்கில் போடப்பட்டது. மாட்டுக்கே நேரம் போதாதபோது நாய் கடைசி வரிசைதான். நாற்பது ஆட்டைத் திருட்டில் இருந்து காக்கும் நாயைத் 'செல்லப் பிராணி' என்று ஒதுக்குவது கணக்குத் தெரியாத பேச்சு. கிடை நிற்கும் ஊரில் உள்ள உதவி வேளாண்மை அலுவலர், கால்நடை உதவி மருத்துவரின் கிராம முகாம் நாளைக் கிடைக்காரரிடம் சொல்லிவைத்தாலே பாதி வேலை முடியும்.

போகும்போது நாலு விவரம் கையில் இருக்கட்டும்: ஒரு காதா இரண்டு காதா, எத்தனை நாளாக, இதுவரை என்ன போட்டீர்கள் (டியூபையும் குப்பியையும் எடுத்துப் போங்கள்), கடைசித் தடுப்பூசி எப்போது. பெட்டை நாய் என்றால் சினையா என்பதும். இரண்டு நாள் முன்பிருந்தே காதில் எதையும் ஊற்றாமல் இருந்தால் மருத்துவருக்குப் பார்க்க வசதி. உதறி உதறிக் காது மடல் பலூன் போல் வீங்கியிருந்தால் அது இரத்தக்கட்டு, பிளேடால் கீறாதீர்கள்.

நாட்டு நாய்க்கு விதையை எடுத்த பிறகு ஒரு வாரத்தில் உதறல் நின்றுவிட்டது. லேப்ரடாருக்குக் காதைக் கழுவி, பிரெட்னிசோலோன் மாத்திரையும் ஈஸ்டுக்குச் சொட்டு மருந்தும் எழுதிக் கொடுத்தார்கள். தெள்ளுப்பூச்சிக்கும் உண்ணிக்கும் தனியாக மருந்து. ஒவ்வாமை முழுதாகப் போகாது, திரும்பத் திரும்ப வரும் என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மாத்திரை இப்போது ஒருநாள் விட்டு ஒருநாள். கிடை இலுப்பூர்ப் பக்கம் நகர்ந்திருக்கிறது. பங்குனி கடைசியில் மறுபடி காட்ட வேண்டும்.