இருநூறு ரூபாயும் வழக்குரை காதையும்

தமிழ்த்துறையினராகிய நமக்கு வழக்குரை காதை புதியதன்று. ஆண்டுதோறும் பாடம் சொல்லுகிறோம். ஒற்றைச் சிலம்பைக் கையிலேந்தி அரசவை புகுந்த பெண்ணின் துணிவை வியக்கிறோம். அதனைப் பத்து மதிப்பெண் வினாவாக்கி மாணவர்க்கு அளிக்கிறோம். மதுரையை நீங்கி அவள் வந்தேறிய குன்றமென நம் மக்கள் சுட்டும் மங்கலதேவிக் கண்ணகி கோட்டம் நம் தேனி மாவட்டத்தின் மலை எல்லையிலேயே அமைந்துள்ளது. சித்திரை முழுநிலவு நாளில் கூடலூர்ப் பக்கமாக மலையேறுவோருள் நம் மாணவர் பலரும் உளர். இத்தகைய மண்ணில் வாழும் நாம் 2022 ஏப்ரலில் செய்த ஒரு செயலை, அன்று, செய்யத் தவறிய ஒரு செயலை ஈண்டு வெளிப்படையாக எழுத விரும்புகிறோம்.

கருத்தரங்கு ஒன்றின் பொருட்டு நம் துறையினர் நால்வர் மதுரையிலிருந்து சென்னைக்கு வானூர்தியில் செல்ல நேர்ந்தது. அந்நாளில் போடிக்கு இரயில் இல்லை. 2010 இறுதியில் அகலப்பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட வண்டி போடிக்கு மீண்டது 2023 ஜூனில்தான். விடியுமுன் பேருந்தேறி, மதுரையில் வேறு வண்டி மாறி, வானூர்தி நிலையத்தை அடைந்தோம். பயணச்சீட்டுக்குரிய முழுத்தொகையும் முன்னரே செலுத்தியாயிற்று. எனினும், வலைத்தளம் வழியாக இருக்கை உறுதி செய்யாமல் வந்தமையால், முகப்பில் அட்டை அச்சிட்டுத் தருவதற்கு ஆளுக்கு இருநூறு ரூபாய் தரவேண்டும் என்றார் அங்கிருந்த பணியாளர். நால்வருக்கும் எண்ணூறு ரூபாய். கொடுத்தோம். இரசீதும் பெற்றோம்.

நமக்குப் பின்னே வரிசையில் நின்றவர் போடி மெட்டுப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு மூதாட்டி. சென்னையில் பணிபுரியும் மகன் சீட்டு எடுத்து அனுப்பியிருந்தார். அந்த அம்மாவின் கையில் இருந்தது பொத்தான் கைப்பேசி. மலைச்சரிவில் பல இடங்களில் அலைபேசிக் கோபுரத்தின் அலை எட்டுவதே அரிது. வலைத்தளமாவது, இருக்கை உறுதியாவது! "எதுக்குய்யா இன்னும் இருநூறு?" என்று நம்மைப் பார்த்துத்தான் கேட்டார். முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பணத்தை எண்ணிக் கொடுத்தபோது, முதுகலைப் பட்டமும் முனைவர் பட்டமும் பெற்ற நாம் நால்வரும் கூரையை நோக்கிக் கொண்டிருந்தோம்.

அதே ஆண்டு ஜூலை 21ஆம் நாள் நடுவண் அரசின் வானூர்திப் போக்குவரத்து அமைச்சகம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. முகப்பில் பயண அட்டை வழங்குவதற்கெனத் தனிக்கட்டணம் பெறுதல் 1937ஆம் ஆண்டின் வானூர்தி விதிகளுக்கு ஏற்றதன்று. அதனைப் பெறலாகாது என்பதே அதன் சாரம். அந்த மூதாட்டியின் வினாவுக்கு அரசே மூன்று மாதம் கழித்து விடையிறுத்தது. ஆயினும் அறிவிப்பு வந்ததனால் மட்டும் அவருடைய இருநூறு ரூபாய் முந்தானைக்குத் திரும்பிவிடவில்லை. அதனைக் கேட்டுப் பெற வேண்டிய இடம் வேறு.

அவ்விடம் தொலைவிலும் இல்லை. போடியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் உள்ள தேனியில்தான் நம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் உள்ளது. 1986ஆம் ஆண்டுச் சட்டப்படி, எதிர்த்தரப்பினர் தொழில் நடத்தும் ஊரிலோ, வழக்குக்குக் காரணம் தோன்றிய ஊரிலோதான் முறையிட இயலும். நம் மலையடிவாரத்து மக்கள் வானூர்தி நிறுவனத்தின்மேல் வழக்காட மதுரைக்கோ கொச்சிக்கோ அலைய வேண்டும் என்பதே அதன் பொருளாயிற்று. 2020 ஜூலை 20இல் நடைமுறைக்கு வந்த புதிய நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இதனை மாற்றியது. முறையிடுவோர் தாம் வாழும் ஊருக்குரிய, அல்லது தொழில் செய்யும் ஊருக்குரிய ஆணையத்திலேயே முறையிடலாம். கொடுத்த விலை ஐந்து இலட்சத்துக்கு உட்பட்டதாயின் ஆணையத்துக்குக் கட்டணம் ஏதுமில்லை. வழக்கறிஞர் வைத்தே தீரவேண்டும் என்பதுமில்லை. காணொளி வழியாக விசாரணையில் பங்கேற்க வேண்டுதற்கும் சட்டம் இடமளிக்கிறது. நம் போன்ற சிற்றூராருக்கு இச்சட்டம் செய்த பெரிய நன்மை, வழக்கு மன்றத்தை நம் பேருந்துத் தடத்திலேயே கொண்டுவந்து நிறுத்தியதுதான் என்பது நம் கருத்து.

ஊர் எல்லை பற்றிய இச்சிக்கல் எத்துணைப் பெரிது என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2011இல் தீர்த்த ஒரு வழக்கே சான்று. 2007 டிசம்பரில் தில்லியிலிருந்து ஐதராபாத்துக்குப் புறப்பட்ட பயணி ஒருவர் மூடுபனியால் வானூர்திக்குள்ளேயே நெடுநேரம் காத்திருக்க நேர்ந்தது. ஐதராபாத் நிரந்தர மக்கள் நீதிமன்றத்தில் அவர் முறையிட்டார். பத்தாயிரம் ரூபாய் இழப்பீடு கிடைத்தது. இண்டிகோவை நடத்தும் இன்டர்குளோப் நிறுவனம் உச்ச நீதிமன்றம்வரை சென்று, வழக்கெல்லாம் தில்லியில்தான் நடக்கவேண்டும் எனச் சீட்டின் நிபந்தனையிலேயே உள்ளது என வாதிட்டது. அந்நிபந்தனை நிரந்தர மக்கள் நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது என நீதிமன்றம் கூறிற்று. ஆனால் மூடுபனி நிறுவனத்தின் குற்றமன்று என்று கூறி இழப்பீட்டை நீக்கியும் விட்டது. பயணி பொருளை இழந்தார். ஐதராபாத்தில் வழக்குத் தொடுக்கும் உரிமையை நிலைநாட்டினார்.

வழக்கிட்டோரெல்லாம் வெல்வர் என்று நாம் சொல்ல வரவில்லை. 2017இல் கொல்கத்தாவில் பயண அட்டை பெற்றும் வாயிலுக்கு உரிய நேரத்தில் வராமல் அகர்தலா வானூர்தியைத் தவறவிட்ட பயணிகளுக்கு நுகர்வோர் மன்றங்கள் இழப்பீடு அளித்தன. 2020 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதனை நீக்கியது. வாயிலுக்கு வந்து சேர்வது பயணியின் கடமை என்றது. அத்தீர்ப்பு முறையானதே என்று நாமும் கருதுகிறோம். உரிமை கேட்போர் தம் பங்குக் கடமையை முடித்துவிட்டுக் கேட்பதே அழகு.

"இருநூறு ரூபாய்க்கு வழக்கா?" என்று நண்பர்கள் நகைப்பதுண்டு. மதுராவில் ஒரு வழக்கறிஞர் இருபது ரூபாய்க்கு வழக்காடினார். 1999 டிசம்பரில் எழுபது ரூபாய்ச் சீட்டுகளுக்கு இரயில் நிலையத்தில் தொண்ணூறு பெற்றுக்கொண்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட முறை விசாரணை நடந்தபின் 2022 ஆகஸ்டில் நுகர்வோர் மன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. இருபது ரூபாயை நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டியுடன் திருப்பித் தரவும், மேலும் பதினைந்தாயிரம் ரூபாய் செலுத்தவும் இரயில்வேக்கு ஆணையிட்டது. இருபத்திரண்டு ஆண்டுகள்! இதனைக் கேட்டு ஊக்கம் கொள்வோரும் உளர். அஞ்சி ஒதுங்குவோரும் உளர். சோதனைக்கூட ஆய்வு தேவைப்படாத வழக்கை, எதிர்த்தரப்பு அறிவிப்புப் பெற்ற மூன்று மாதத்துக்குள் முடிக்க முயல வேண்டும் என்று இன்றைய சட்டம் கூறுகிறது. ஏட்டில் உள்ள அம்மூன்று மாதம் நாட்டில் நடைமுறையாக வேண்டுமாயின், ஆணையங்களில் உறுப்பினர் பணியிடங்கள் காலியாகக் கிடக்கலாகாது.

நம் ஊர் வணிகரின் இயல்பையும் எண்ணிப் பார்க்கிறோம். ஏலக்காய் ஏலத்தில் கிலோவுக்குச் சில ரூபாய் குறைந்தாலும், "இந்த விலைக்கு வேண்டாம்" என்று சரக்கைத் திருப்பிக்கொள்ளும் விவசாயி இதே ஊரில்தான் இருக்கிறார். காயின் பருமனையும் பச்சை நிறத்தையும் விரல் நுனியில் மதிப்பிடும் அவரே வானூர்தி முகப்பில் வாய்பேசாது நிற்கிறார். காரணம் கோழைமையன்று, மொழி. நிபந்தனைகள் பொடி எழுத்தில், ஆங்கிலத்தில், பல பக்கங்கள் நீள்கின்றன. தமிழ்நாட்டு நிலையங்களிலிருந்து புறப்படும் பயணிகளுக்கு, கட்டண அட்டவணையையும் நீக்கக் கழிவு விதிகளையும் தமிழிலும் அளிக்கவேண்டுமென அரசு கட்டாயமாக்க வேண்டும். சீட்டை நீக்கினால் கழிவுத்தொகை அடிப்படைக் கட்டணமும் எரிபொருள் மிகைக்கட்டணமும் சேர்ந்த தொகையை மிஞ்சலாகாது. வரிகளையும் நிலையப் பயன்பாட்டுக் கட்டணத்தையும் திருப்பித் தரவேண்டும் என்று 2016இலேயே விதி வகுத்தாயிற்று. வளைகுடாவுக்குப் போய்வரும் நம் பகுதி இளைஞருள் எத்தனை பேர் இதனை அறிவர்?

ஆகவே, வரும் கல்வியாண்டு முதல், கடிதம் எழுதும் பயிற்சியில் பொங்கல் வாழ்த்தோடு நுகர்வோர் முறையீடு ஒன்றையும் மாணவர் தமிழில் எழுதிப் பழக வேண்டும் எனத் துறைக்கூட்டத்தில் முன்மொழிந்துள்ளோம். நாள், சீட்டு எண், கொடுத்த தொகை, கேட்கும் தொகை ஆகிய நான்கும் தெளிவாக இருந்தால் ஒரு பக்கம் போதும். முதலில் நிறுவனத்துக்கு மடல், விடை வராவிடில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், அதன்பின் ஆணையம். இந்த வரிசையை அறிந்த ஒரு மாணவர் ஒரு தெருவுக்கே பயன்படுவார்.

நம் நால்வரின் இரசீதுகளும் துறை அலமாரியில் இன்னும் உள்ளன. முறையிட இரண்டாண்டுக் காலவரம்பு. அது 2024 ஏப்ரலில் முடிந்துவிட்டது. தக்க காரணம் காட்டினால் காலத்தாழ்வைப் பொறுத்தருளச் சட்டத்தில் இடமுண்டு. நம்மிடம் இருப்பதோ சோம்பல் ஒன்றே. அதனை எந்த ஆணையமும் தக்க காரணமாக ஏற்காது.