கிறிஸ்துமஸ் மரத்தின் தாய்வீடு

மொழிபெயர்ப்பில் என்னை நெடுநாளாகத் தொல்லைப்படுத்தும் சொற்களில் ஒன்று 'ஃபிர்'. தேவதாரு என்று எழுதித் தப்பித்துவிடுவது எங்கள் தொழிலில் வழக்கம். அது தப்பு. தேவதாரு இமயமலையின் சிடார். ஃபிர் வேறு குடும்பக் கிளை. நான் ஃபிர் என்றே விட்டுவிடுகிறேன்.

அமெரிக்காவின் தெற்கு அப்பலாச்சிய மலைவாசிகள் இப்படித் திண்டாடவில்லை. அங்குள்ள ஃபிர் மரத்தின் பட்டையில் பிசின் கொப்புளம் கொப்புளமாகக் கட்டி நிற்கும். பால் கறப்பதுபோல் எடுக்கலாம். ஆகவே அதற்குப் 'பெண் பால்சம்' என்று பெயர் வைத்தார்கள். பக்கத்திலேயே வளரும், கொப்புளம் கட்டாத சிவப்பு ஸ்புரூஸ் 'ஆண் பால்சம்' ஆனது. தாவரவியல் பெயர் இவ்வளவு ருசிகரமானதல்ல: ஏபிஸ் ஃபிரேசரி. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த மலைகளில் செடி தேடி அலைந்த ஸ்காட்லாந்துக்காரர் ஜான் ஃபிரேசரின் நினைவாக.

வெட்டிய பிறகும் வாரக்கணக்கில் ஊசியிலை உதிராது, நல்ல வாசனை. அதனால் அமெரிக்க வீடுகளில் இதற்குக் கிராக்கி அதிகம். வட கரோலினாவின் கிறிஸ்துமஸ் மரப் பண்ணைகளில் பத்துக்கு ஒன்பதுக்கும் மேல் ஃபிரேசர் ஃபிர்தான். 2024 டிசம்பரில் வெள்ளை மாளிகையின் நீல அறையில் நின்றதும் அதுவே. பண்ணையில் லட்சக்கணக்கில் நிற்கும் இந்த மரம் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலிலும் இருக்கிறது, அழியும் ஆபத்தில் உள்ள இனமாக.

காரணம், அது தானாக வளரும் இடம் மிகச் சொற்பம். வட கரோலினா, டென்னசி, வர்ஜீனியா மாநிலங்களில் ஏறத்தாழ 5,000 அடிக்கு மேல், ஒரு சில சிகரங்களில் மட்டும். பனியுகம் முடிந்து சமவெளி சூடானபோது குளிரைத் துரத்திக்கொண்டு மேலே ஏறிய மரம் அது. அதற்கும் மேலே ஏற இனி மலை இல்லை.

1957-இல் 6,684 அடி உயர மிட்செல் சிகரத்தில் மரப்பட்டைகளில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருப்பதைக் கண்டார்கள். ஐரோப்பாவிலிருந்து வந்த அடெல்ஜிட் பூச்சி. ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உருவம், மேலே மெழுகுப் போர்வை. நம் விவசாயிகள் பார்த்தால் மாவுப்பூச்சிக்குப் பங்காளி என்பார்கள், தவறில்லை. அமெரிக்காவில் இது அத்தனையும் பெண். ஆண் துணையின்றியே முட்டையிடுகிறது. பட்டையில் வாயைச் செருகிச் சாறு உறிஞ்சும்போது இதன் எச்சிலில் உள்ள ஏதோ ஒன்று, மரத்தை இறுகிய, கோளாறான கட்டையை வளர்க்கச் செய்கிறது. நீர் மேலே ஏறாது. சில ஆண்டுகளில் மரம் நின்றபடியே தாகத்தில் சாகிறது. ஐரோப்பிய ஃபிர்கள் இதோடு பழகியவை. இது பழகாதது.

6,643 அடி உயர குவோஹி சிகரத்தில் (2024-இல் செரோக்கி மக்களின் இந்தப் பழைய பெயர் திரும்பும்வரை அது கிளிங்மன்ஸ் டோம்) முதிர்ந்த ஃபிர்களில் பெரும்பாலானவை சாம்பல் நிற எலும்புக்கூடுகளாயின. சாலையோர மரங்களுக்குச் சோப்புக் கரைசல் தெளித்துப் பார்த்தார்கள். குழாய் எட்டும் தூரம்வரை பலன் கிடைத்தது. காடு குழாய்க்கு எட்டுமா?

மரத்தோடு போவது மரம் மட்டுமல்ல. ஃபிர் நிழலில் ஈரப் பாறைமேல் படரும் பாசிக்குள் 4 மில்லிமீட்டர்கூடத் தாண்டாத சிலந்தி ஒன்று வாழ்கிறது. மேலே நிழல் போனால் பாசி காய்கிறது. பாசி காய்ந்தால் சிலந்தி இல்லை. 1995-இல் அமெரிக்க அரசு அதையும் ஆபத்துப் பட்டியலில் சேர்த்தது.

பண்ணைதான் நிறைய இருக்கிறதே என்று சொல்பவர்களுக்கு ஒரு தகவல். பண்ணைக்கும் விதை மலையிலிருந்துதான் வந்தது. ரோன் மலை விதைக்குத் தனி மவுசு. பண்ணையில் வேரழுகல் நோயும் உண்டு. அதைத் தாங்க ஜப்பானிய, துருக்கிய ஃபிர் வேர்மீது ஒட்டுக்கட்டிப் பார்க்கிறார்கள். வடிவம் பார்த்து மனிதன் பொறுக்கிய கன்றுகளில், நாளை பூச்சியைத் தாங்கப்போகும் குணம் இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

செத்த மரங்களுக்கு அடியில் வெளிச்சம் விழுந்ததில் இப்போது இளங்கன்றுகள் நெருக்கமாக எழுந்திருக்கின்றன. வழுவழுப்பான பட்டையில் பூச்சிக்குப் பிடிமானம் குறைவு. கூம்பு விடும் வயதை நெருங்கும்போது பட்டை சொரசொரப்பாகிறது.